கிணற்றடியில் கடைசிக் கல்

தட்டிப் பார்க்காமல் அந்த மனுஷன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். டீக்கடையில் கண்ணாடி கிளாஸை நீட்டினால் முதலில் நகத்தால் ஒரு தட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து ஒரு கணம், அப்புறம்தான் வாயில் வைப்பார். சந்தையில் பானை வாங்கப் போனால் அங்கே இருக்கிற அத்தனை பானையையும் தட்டுவார். ஒருநாள் பானைக்காரி பொறுக்க மாட்டாமல், "யோவ், பானை வாங்க வந்தியா, மேளம் வாசிக்க வந்தியா?" என்று கத்திவிட்டாள். இவர் பதறவே இல்லை. ஒரு பானையைத் தனியாக எடுத்து வைத்து, "இத யாருக்கும் குடுத்துராத தாயி, அடியில கீறல் ஓடுது" என்றார். அவள் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கசிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தட்டச் சொன்னாள்.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என் பேரையும் எழுத வேண்டி வரும், அதற்கு எனக்கு நெஞ்சுரம் போதாது. திண்டுக்கல்லில் கட்டட வேலைக்குப் போன அத்தனை பேரும் அவரைக் கல்லுக்காரர் என்றார்கள். நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். ஏழு வருஷம் அவருக்குச் சித்தாளாக இருந்தவள் நான். கலவைச் சட்டியைத் தலையில் தூக்கியே உச்சி மயிர் தேய்ந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் எழுதத் தெரியும். எழுத்து கோணும், விஷயம் கோணாது.

அந்தக் காலத்தில் சிமெண்டு பர்மிட்டில்தான் கிடைக்கும். அதை வாங்க முடிந்த பெரிய வீட்டுக்காரர்கள், வாசலிலிருந்து கேட் வரைக்கும் கல் பாவின நடைபாதை வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். சிறுமலை அடிவாரத்துக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வெறும் மண்ணில் அதைப் பதித்தால் இரண்டு மழைக்குக் கிழவன் பல்லாட்டம் ஆடும். அதனால் முதலில் ஒரு முழம் தோண்டி, செங்கல் உடைசலைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிப்போம். அதன்மேல் அரைச் சாண் கனத்துக்குக் காங்கிரீட் போட்டு, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்து இழுத்துவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் விடுவோம். அந்த ஒரு வாரமும் அதன்மேல் ஒரு கோழி நடந்தால்கூட அண்ணன் கல்லெடுத்து எறிவார். பிறகு சாக்கை எடுத்துத் தேய்த்துக் கழுவி, சிமெண்டுப் பால் ஊற்றி, கலவை விரித்து, நனைத்த கல்லை அதன்மேல் படுக்க வைத்து, கொட்டாப்புளியால் தட்டி உட்கார வைப்பார். மரச் சுத்தியலைத்தான் கொட்டாப்புளி என்போம்.

உட்கார வைத்த பிறகு இன்னொரு தட்டு இருக்கிறது, அதுதான் விஷயம். கல்லின் அடியில் கலவை முழுக்கப் பிடித்திருந்தால் 'ணங்' என்று வரும். எங்காவது ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால் 'டொப்பு' என்று வரும். டொப்பு என்ற இடத்தில் கல் என்றைக்காவது ஆடும், இல்லாவிட்டால் உடையும். மற்றக் கொத்தனார்கள் நடுவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்துவிடுவார்கள். இவர் நாலு மூலை, நாலு ஓரம், நடு என்று ஒன்பது இடம் தட்டுவார். ஒன்பதில் ஒன்று டொப்பு என்றாலும் கல்லைப் பெயர்த்து, கலவையை வழித்துப்போட்டு, மறுபடி முதலிலிருந்து. மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏப்பா, ஒரு மூலைதானப்பா! யாரு வந்து அந்த மூலையில நின்னு ஆடப் போறா?"

"நிப்பாக மேஸ்திரி. எவளாவது ஒருத்தி இடுப்புல கொடத்தோட வந்து சரியா அந்த மூலையிலதான் நிப்பா" என்பார் அண்ணன்.

மேஸ்திரி கையை உதறிவிட்டுப் போய்விடுவார். கல்லுக்காரர் பாவின பாதை ஆடாது என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் மேஸ்திரிக்கே வேலை வந்தது.

எனக்கு அவர்மேல் முதலில் கோபம்தான் அதிகம். வழித்துப்போட்ட கலவைக்குப் பதிலாகப் புதுக்கலவை சுமப்பது யார்? நான். "ஒங்க காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தணும்ணே" என்று ஒருநாள் வாய் கொழுத்துச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சம்சாரம் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. எந்த வேலையாக இருந்தாலும் மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் அந்த அம்மாளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருவார். அதனாலேயே வேடசந்தூர், வடமதுரை என்று வெளியூர் வேலை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஊருக்குள் இருந்தால் வருவேன், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்பார்.

ஒரு தடவை ஊருக்குள்ளேயே ஒரு மில்லில் பாதை போட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் முதலில் எழுந்து ஓடுகிறவர் அண்ணன்தான். அன்றைக்குச் சங்கு ஊதியது. நாங்கள் கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, பாதிச் சோறும் தின்றாயிற்று. அவர் குனிந்து கல்லுக்கு நூல் பிடித்துக்கொண்டே இருந்தார். எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் ஆளில்லை. முகம் வெளிறிப் போயிற்று. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து ஓடினார்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. யோசித்துப் பார்த்தால் ஒரு வருஷமாகவே ஆள் மாறியிருந்தார். வாயே திறக்காத மனுஷன் லொடலொடவென்று பேச ஆரம்பித்திருந்தார். அவர் பேசிக்கொண்டே இருந்தால் நாம் எதுவும் கேட்க மாட்டோமே, அதற்குத்தான். மறுநாள் அவர் பின்னால் போய் நின்று, "அண்ணே, கால்கிட்ட தேளு!" என்றேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் மண் சலித்தவள் துள்ளிக் குதித்தாள். அவர் அசையவே இல்லை. மண் சலித்தவளிடம் ஏதோ விளையாட்டு என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

மத்தியானம் அவர் வீட்டுக்கே போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. சம்சாரத்தின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் நல்ல கை மணிக்கட்டில் கொத்தனார் நூல் ஒன்று கட்டியிருந்தது. நூலின் மறுமுனை பாயோரத்தில் சுருண்டு கிடந்தது. தூங்கும்போது அதை இவர் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வாராம். அந்த அம்மாள் முனகினால் கேட்காது, நூலை இழுத்தால் தெரியும். 

நேராக முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "எம்புட்டு நாளாண்ணே?" என்றேன்.

என் வாயையே பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "எடது காது கல்லுடைக்கிற காட்டுல வெடியிலயே போயிருச்சு தாயி. அப்ப எனக்குக் கலியாணம்கூட ஆவல. வலது காத வச்சுத்தான் இம்புட்டு நாளும் ஓட்டினேன். அதுவும் ரெண்டு வருசமா கொஞ்சங் கொஞ்சமா அடைஞ்சு, இப்ப ஒண்ணுமே இல்ல."

"அப்ப தட்டிப் பாக்குறீகளே?"

"கையில கொஞ்சம் தெரியும். சின்னக் கல்லுன்னா அதிர்வு மாறும். பெரிய கல்லுக்குத் தெரியாது." கரண்டியை மறுபடி எடுத்தார். "வெளிய சொல்லிராத தாயி. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஜல்லி ஒடைக்க அனுப்பிருவாரு. மலையடிவாரத்துக்குப் போனா பொழுதடஞ்சுதான் வர முடியும். இவளுக்கு மத்தியானக் கஞ்சி யாரு ஊத்துவா?"

அந்த அம்மாள் பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் என்ன கல்லா? அங்கேயே, அந்த அம்மாள் முன்னாலேயே, ஏற்பாடு செய்தோம். அவர் தட்டும்போது நான் எதிரில் சட்டியோடு நிற்பேன். ணங் என்றால் சும்மா நிற்பேன். டொப்பு என்றால் சட்டிக்கு அடியில் தலையில் சுருட்டி வைத்திருக்கிற சும்மாட்டைச் சரிசெய்கிற மாதிரி கையை மேலே கொண்டுபோவேன். சித்தாள் ஒரு நாளைக்கு நூறு தரம் சும்மாட்டைச் சரிசெய்வாள், யாருக்கும் சந்தேகம் வராது.

புத்தி கெட்ட ஏற்பாடு. நல்ல கல்லுக்குத்தான் சைகை வைத்திருக்க வேண்டும். நாங்கள் கெட்ட கல்லுக்கு வைத்தோம். சைகை இல்லாவிட்டால் கல் நல்ல கல் என்று ஆகிவிட்டது. இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்று வருஷம் அப்படி ஓட்டினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மூன்று வருஷத்தில்தான் அவர் பேர் இன்னும் பெரிதாயிற்று. அவர் கொட்டாப்புளியைத் தூக்குவார், தட்டுவார், தலையை வலப்பக்கம் சாய்ப்பார், கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டுவார். வேடிக்கை பார்க்கிறவர்கள், "என்னா காதுய்யா!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும், இன்னொரு பக்கம் பயமாக இருக்கும்.

அப்புறம்தான் புகையிலை முதலாளி வீட்டு வேலை வந்தது. வடமதுரை ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் தென்னந்தோப்புக்குள் பங்களா. பின்கட்டிலிருந்து கிணறு வரைக்கும் கல் பாவ வேண்டும். பழைய கமலைக் கிணறு, மாடு கட்டி இறைத்தது. மோட்டார் போட்ட பிறகு கமலைக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டார்கள். கிணற்று விளிம்பு மொட்டையாகக் கிடந்தது. பாதை முடிந்ததும் சுற்றுச்சுவர் கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். பாதையின் கடைசி வரிசைக் கல் மூன்றும் அடித்தளத்தைத் தாண்டி நாலு விரற்கடை கிணற்றுக்குள் நீட்டியிருக்கும்படி வைக்கச் சொன்னார். வீட்டுக் குடிதண்ணீரை மட்டும் கயிறு போட்டு இறைப்பார்கள். அதற்கு வாகாக இருக்கும் என்றார்.

அந்தத் தண்ணீரை இறைக்கிறவள் பாக்கியம். வேதக்கார வீட்டுப் பெண், கழுத்தில் சிலுவை தொங்கும், முப்பது வயசு இருக்கும். புருஷன் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், எப்போதாவது கடுதாசி போடுவான். அவளும் அவள் அம்மாவும்தான் வீட்டில். நாங்கள் காங்கிரீட்டை நனையவிட்டிருந்த ஒரு வாரமும், பாதையில் கால் வைக்கக் கூடாது என்பதால், தோப்பைச் சுற்றிக் குடம் சுமந்தாள். முணுமுணுக்கவே இல்லை.

அண்ணனுக்கு அவளைப் பிடிக்கும். காரணம் எனக்குத்தான் தெரியும். அவள் யாரோடு பேசினாலும் எதிரில் வந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவளோடு பேசும்போது மட்டும் அவர் லொடலொடக்க மாட்டார். மோர் கொண்டுவந்து கொடுப்பாள். இவர் அவள் குடத்தைத் தட்டி, "தூர் தேஞ்சு போச்சு, மாத்து" என்பார். "மொதலாளியம்மாகிட்டச் சொல்லுங்க, என் தலையும் தேஞ்சு போச்சு, அதையும் மாத்தட்டும்" என்பாள்.

கடைசி நாள் கிணற்று வரிசை. மூன்று கல்லும் பெரிய கல், கையில் அதிர்வு தெரியாத கல். ஓரத்துக் கல் இரண்டும் சரியாக உட்கார்ந்தன. நடுக்கல்லை வைத்து நேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்துவிட்டார். கூடவே வெள்ளை வேட்டிக்காரர்கள் இரண்டு பேர். மேஸ்திரி கண்ணைக் காட்டினார்.

பெரிய மனுஷர் வந்தால் தலையில் துணி இருக்கக் கூடாது. ஆம்பளை முண்டாசை அவிழ்க்க வேண்டும், பொம்பளை சும்மாட்டை இறக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும். நான் சும்மாட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கட்டி ஒதுங்கி நின்றேன். அண்ணனும் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்.

"கல்லப் பேச வைக்கிற ஆளு இவருதான். தட்டுங்க, இவுங்களும் கேக்கட்டும்" என்றார் முதலாளி.

அண்ணன் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தட்டினார். நடுவில் ணங். வீட்டுப் பக்கத்து ஓரம், மூலை எல்லாம் ணங். கிணற்றுப் பக்கத்து ஓரத்தில் தட்டினார்.

டொப்பு.

 அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். தலையில் சும்மாடு இல்லை. வெறுந்தலைக்காவது கையைக் கொண்டுபோயிருக்கலாம், சொறிவது போலப் பாவனை செய்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. முதலாளி முன்னால் கட்டின கை அவிழவில்லை. அண்ணன் மறுபடி ஒருதரம் அதே இடத்தில் தட்டி என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "கேட்டீகளா மொதலாளி? வெங்கலம்!" என்றார்.

வெள்ளை வேட்டிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு ணங்குக்கும் டொப்புக்கும் என்ன தெரியும்? முதலாளி அங்கேயே அண்ணனுக்குப் புது வேட்டி ஒன்று கொடுத்தார். மேஸ்திரி மீதிச் சிமெண்டைக் குழைத்துச் சந்தெல்லாம் பூசச் சொன்னார். மூட்டை காலியாயிற்று. பர்மிட்டும் தீர்ந்தது.

சாயங்காலம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் புது வேட்டியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, சம்சாரத்திடம் காட்ட வேண்டும் என்று குழந்தை மாதிரி வேகமாக நடந்தார். சரி, நாளைக்கு என்று விட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்து வேறு இடத்தில் வேலை. ஒரு ஓரம்தானே, மற்ற எட்டு இடமும் கெட்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி சொல்கிற அதே பேச்சு. சொல்லவில்லை. அதற்கு மேல் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பாக்கியத்துக்குக் கண்டியிலிருந்து கடுதாசி வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தானாம். புருஷன் அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், இனி வர மாட்டான் என்று இருந்தது. அன்றைக்குப் பூராவும் அழுதிருக்கிறாள். மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் இறைக்கப் போனவள் திரும்பவில்லை. வெயில் ஏறின பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பிணமாக எடுத்தார்கள்.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போலீஸ்காரர் வந்து கடுதாசியைப் பார்த்தார், அழுதாள் என்று எழுதிக்கொண்டார், போய்விட்டார். வேதக்காரர்களில் தன்னையே மாய்த்துக்கொண்டவர்களுக்குக் கோயில் மணி கிடையாது, சாமியாரின் மந்திரிப்புக் கிடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் கிடையாது. சுவருக்கு வெளியே, கள்ளி முளைத்த இடத்தில் புதைக்க வேண்டியதுதான். அவள் அம்மா பங்குச் சாமியார் காலைப் பிடித்து, "எம் புள்ள அப்படிச் செய்ய மாட்டா சாமி, நேத்து ராத்திரிகூடச் செபமால சொல்லிட்டுத்தான் படுத்தா" என்று கதறினாளாம். சாமியார் நல்ல மனுஷர்தான். அவர் என்ன செய்வார்? பார்த்தவர்கள் யாருமில்லை.

சேதி கேட்டதும் நான் தோப்புக்கு ஓடினேன். கிணற்றடியில் யாருமில்லை. நடுக்கல்லில் கிணற்றுப் பக்கமாகக் கால் வைத்து லேசாக அழுத்தினேன். கல் என் காலடியில் கிணற்றைப் பார்த்துச் சாய்ந்தது. காலை எடுத்தேன். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பழையபடி உட்கார்ந்துகொண்டது. சந்தில் பூசின சிமெண்டு சுற்றிலும் விட்டிருந்தது.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தேன். "பாக்கியம் செத்துப் போச்சுண்ணே. குதிச்சுட்டான்னு சொல்றாக. குதிக்கல. நடுக்கல்லு ஆடுது. கெணத்துப் பக்கம் உள்ள காலி."

புரியாதவர் மாதிரி பார்த்தார். இரண்டாவது தரம் சொல்ல வைத்தார். மூன்றாவது தரமும் சொன்னேன்.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். எழுந்துபோய்ச் சம்சாரத்துக்கு மிச்சக் கஞ்சியை ஊட்டினார், வாயைத் துடைத்துவிட்டார், அந்த அம்மாளின் நெற்றியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். கொட்டாப்புளியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் போனேன்.

சாமியார் வீட்டு வாசலில் கூட்டம். சுவருக்கு வெளியே குழி தோண்ட ஆள் அனுப்பியாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "சாமி, செத்த நேரம் கெணத்தடிக்கு வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் பொதைங்க" என்றார். செவிடர்கள் பேசுகிற அந்த உரத்த குரல். மறைக்க மறந்துவிட்டார்.

கிணற்றடியில் சாமியார், முதலாளி, சேதி கேட்டு ஓடி வந்த மேஸ்திரி, பாக்கியத்தின் அம்மா, தோப்பு நிறைய சனம். நான் பொம்பளைகளோடு பொம்பளையாக நின்றேன். அண்ணன் நடுக்கல்லுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"சாமி, எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாவே கேக்காது. கேக்குற மாதிரி நடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நான் தட்டுறேன். நீங்க கேளுங்க."

தட்டினார். ணங், ணங், ணங். கிணற்றோரத்தில் டொப்பு. கல்வேலை தெரியாத சனம்கூடப் புரிந்துகொள்கிற மாதிரி அத்தனை அமைதியில் அது கேட்டது. சாமியார் குனிந்தார். "இன்னொரு தரம்" என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. சாமியார் அவர் கையைப் பிடித்து அதே இடத்தைக் காட்டினார். மறுபடி டொப்பு. அண்ணன் கடப்பாரையை விட்டு நெம்பிக் கல்லைப் புரட்டிப் போட்டார். கிணற்றுப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கல்லின் அடியில் கலவை ஒட்டின தடமே இல்லை. மலையிலிருந்து வெட்டி வந்தபோது இருந்த மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

"கொடத்தத் தூக்கிட்டு இந்த ஓரத்துல நின்னுருக்கு. கல்லு சாஞ்சிருச்சு. அந்தப் புள்ள குதிக்கல சாமி. நாந்தான் தள்ளிவிட்டேன்" என்றார் அண்ணன்.

பாக்கியத்தின் அம்மா அவரை அடிக்கப் பாய்ந்தாள். கிட்டே வந்ததும் அவர் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். குழி தோண்டப் போனவனிடம் ஆள் அனுப்பி, "உள்ளே தோண்டச் சொல்" என்றார்.

மேஸ்திரி அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். முகத்துக்கு நேராகவே கத்தினார். "இம்புட்டு வருசம் எப்படிடா வேல பாத்த? யாருடா ஒனக்கு சத்தத்தச் சொன்னது? கூட இருந்தது யாரு?"

அண்ணன் அவர் வாயைப் பார்த்தார். நன்றாகப் புரிந்திருக்கும். என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

"யாருமில்ல மேஸ்திரி. குத்துமதிப்பாத்தான் பாத்தேன்."

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கும் சொல்லவில்லை.

சாயங்காலம் பாக்கியத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். அண்ணனை யாரும் கிட்டே சேர்க்கவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனேன். "மணி அடிக்கிறாகளா தாயி?" என்று கேட்டார்.

"அடிக்கிறாகண்ணே" என்றேன்.

கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் யாரும் அவருக்குக் கொத்துக்கரண்டி கொடுக்கவில்லை. போலீசுக்குப் போகாமல் முதலாளி விட்டதே பெரிது என்றார்கள். மலையடிவாரத்துக்கு ஜல்லி உடைக்கப் போனார். மத்தியானக் கஞ்சியை நான் போய் ஊற்றினேன். எல்லா நாளும் ஊற்றினேன் என்று எழுதினால் பொய். என் வேலை தூரமாகிப் போன நாளெல்லாம் அந்த அம்மாள் பட்டினிதான். அடுத்த தை பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு வேறு கொத்தனாரிடம் சேர்த்துவிட்டார். பாவம், செவிட்டுப் பயலிடம் ஏமாந்த பொம்பளை என்று எனக்காக இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு எத்தனையோ வருஷம் சோறு தின்றேன்.

கல் ஏற்றுகிற லாரியில் அந்த மலையடிவாரத்துக்குப் போக வேண்டி வரும். சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் ஜல்லி உடைத்துக்கொண்டிருப்பார். நான் இறங்கிப் பத்தடி பின்னால் போய் நிற்பேன். "அண்ணே, அன்னைக்குக் கூட்டத்துல நான்தான்னு சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சிருங்கண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். ஒரு தரமா, பல தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டு எட்டு வைத்து அவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்க மட்டும் கடைசி வரைக்கும் என்னால் ஆகவில்லை.